வராத நோய்க்கு ஒரு தடுப்பூசி

பெரியம்மை இன்று உலகத்தில் எங்கேயும் இல்லை. 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்கா நகரத்தில் ஒரு மருத்துவமனைச் சமையற்காரருக்கு வந்ததுதான் இயற்கையாகத் தொற்றிய கடைசிப் பெரியம்மை. 1980 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை கூடி, நோய் ஒழிந்தது என்று முறைப்படி அறிவித்தது. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2007இல் பெரியம்மைக்கான ஒரு புதுத் தடுப்பூசிக்கு அமெரிக்கா உரிமம் கொடுத்தது. 2019இல் இன்னொன்றுக்கும் கொடுத்தது. நோயாளி ஒருவர்கூட இல்லாத நோய்க்கு எதற்கு இவ்வளவு செலவு?

இதைக் கேட்பவர்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு டீ சொல்லிவிட்டு, நிதானமாக விளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அவசரமாகச் சொன்னால் இது உளவுக் கதை மாதிரி ஆகிவிடுகிறது. உண்மையில் கன்றுக்குட்டி, கோழிக்கரு, ஃப்ரீசர், காலாவதித் தேதி, மருந்துக் கம்பெனி ஒப்பந்தம் என்று போகிற கதை இது.

நோய்தான் ஒழிந்தது, கிருமி ஒழியவில்லை. அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஒன்று, ரஷ்யாவில் சைபீரியாவின் கோல்ட்சோவோவில் ஒன்று என இரண்டு ஆய்வகங்களில் பெரியம்மை வைரஸை இன்னும் உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள். இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் வைக்கலாம் என்பது உலக ஒப்பந்தம். ஆய்வகப் பாதுகாப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்குச் சில உதாரணங்கள் உண்டு. 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், பெரியம்மை ஆய்வகத்துக்கு மேல்தளத்தில் வேலை பார்த்த ஒரு பெண் புகைப்படக்காரருக்கு நோய் தொற்றி, அவர் இறந்துபோனார். உலகில் பெரியம்மைக்குப் பலியான கடைசி உயிர் அவர்தான். 2014 ஜூலையில் வாஷிங்டனுக்கு அருகே பெத்தெஸ்டாவில் ஒரு குளிர்சாதன அறையை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, பெரியம்மை என்று பெயர் எழுதிய ஆறு குப்பிகள் ஒரு பெட்டியில் கிடைத்தன. பல பத்தாண்டுகளாக அவை அங்கே இருந்தது யாருக்கும் தெரியாது.

இவை கவனக்குறைவுகள். வேண்டுமென்றே செய்ததும் உண்டு. கிருமி ஆயுதங்களைத் தடை செய்யும் உலக உடன்படிக்கை 1972இல் கையெழுத்துக்கு வந்தது. சோவியத் ஒன்றியமும் கையெழுத்திட்டது. கையெழுத்திட்ட பிறகும் அங்கே ரகசியமாக வேலை நடந்தது. 1979 ஏப்ரலில் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரத்து ராணுவக் கூடம் ஒன்றிலிருந்து ஆந்த்ராக்ஸ் கிருமி காற்றில் கசிந்து, குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சி சாப்பிட்டதால் வந்தது என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். 1992இல் ரஷ்ய அதிபர் போரிஸ் யெல்ட்சின்தான் அது ராணுவத்தின் வேலை என்று ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு அமெரிக்காவுக்குப் போய்விட்ட கென் அலிபெக், சோவியத் கிருமி ஆயுதத் திட்டத்தின் உயர் பொறுப்பில் இருந்தவர். பெரியம்மையையும் ஆயுதமாகத் தயாரித்தோம் என்று அவர் சொன்னது கேட்டவர்களைத் தூங்கவிடவில்லை.

ஆந்த்ராக்ஸ் வேறு ஏதோ அன்னிய நோய் என்று நினைக்க வேண்டாம். நம் ஆட்டுக்காரர்களும் மாட்டுக்காரர்களும் அடைப்பான் என்று சொல்வது அதைத்தான். அதற்குக் கால்நடைத் தடுப்பூசி நம் ராணிப்பேட்டையிலேயே தயாராகிறது. அடைப்பான் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவாது, பெரியம்மை பரவும். பெரியம்மை வந்த பத்துப் பேரில் மூன்று பேர் சாவார்கள். நோய் தொடங்கிய பிறகு காப்பாற்ற அந்தக் காலத்தில் மருந்து எதுவும் கிடையாது. அம்மை குத்திக்கொண்டவர்கள் எல்லோரும் இன்று வயதானவர்கள். உங்கள் வீட்டில் 1970களின் நடுப்பகுதிக்கு முன்னால் பிறந்தவர் யாராவது இருந்தால் அவர் கையைப் பாருங்கள், பி.சி.ஜி. தழும்பைவிடப் பெரிதாக, குழிந்து, வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். உங்கள் பிள்ளைகளின் கையில் அது இருக்காது. இன்று உலக மக்களில் பெரும்பாலோர் அந்த நோய்க்கு எதிரே வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

2001இல் அமெரிக்காவில் தபால் வழியாக ஆந்த்ராக்ஸ் தூள் அனுப்பப்பட்டு 5 பேர் இறந்தார்கள், 17 பேர் நோயுற்றார்கள். அப்போதுதான் அரசாங்கங்கள் தங்கள் தடுப்பூசிக் கிடங்கைத் திறந்து பார்த்தன. அங்கே இருந்தது பழைய பெரியம்மைத் தடுப்பு மருந்து. அதை எப்படிச் செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மீதி புரியும்.

கன்றுக்குட்டியின் வயிற்றுத் தோலை மழித்து, கீறி, வாக்சினியா என்ற வைரஸைத் தடவுவார்கள். இது பெரியம்மை வைரஸின் உறவுக்கார வைரஸ். மனிதருக்குப் பெரும்பாலும் ஒரு கொப்புளத்தோடு போய்விடும். கன்றின் தோலில் அது கொப்புளமாக வளர்ந்ததும் சுரண்டி எடுத்து, சுத்தம் செய்து, மருந்தாக்குவார்கள். நம்மூரில் இதற்கு அம்மைப்பால் என்று பெயர். 1899இல் தொடங்கிய சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், முதலில் இந்த அம்மைப்பாலைத் தயாரிப்பதற்காகவே எழுந்தது. சென்னை மாகாணம் முழுவதுக்கும் அங்கிருந்துதான் போனது.

அந்தப் பழைய மருந்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஈரத்தை உறிஞ்சி உலர்த்தும் முறை வந்த பிறகு, 37 டிகிரி வெயிலில் ஒரு மாதம் கிடந்தாலும் அதன் வீரியம் போகாது. ஐஸ்பெட்டி இல்லாமல், மின்சாரம் இல்லாத ஊருக்குத் தோள்பையில் கொண்டுபோகலாம். பிளவுபட்ட முனை கொண்ட ஒரு சின்ன ஊசி 1960களில் வந்தது. ஒரு துளியை அதில் எடுத்து, மேல்தோலில் 15 தடவை குத்தினால் போதும். முன்பு 25 பேருக்குக் காணும் குப்பி, அந்த ஊசி வந்ததும் 100 பேருக்குக் கண்டது. குத்துவதற்குப் பெரிய படிப்பும் வேண்டியதில்லை. பெரியம்மையை உலகத்திலிருந்து விரட்டியது இந்த மருந்தும் இந்த ஊசியும்தான்.

ஆனால் அது உயிருள்ள வைரஸ். உடலில் பெருகும். முதல்முறை குத்திக்கொள்ளும் பத்து லட்சம் பேரில் ஒருவரோ இருவரோ இறந்தார்கள். கரப்பான் உள்ளவர்களுக்குக் கொப்புளம் உடலெங்கும் பரவிவிடும். நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களுக்குப் போடவே கூடாது. ஊரில் பெரியம்மை இருந்தபோது இதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. பத்தில் மூன்று சாவு ஒருபக்கம், பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு மறுபக்கம். நோயே இல்லாதபோது, அந்த ஒன்றிரண்டு சாவுக்கு யார் பதில் சொல்வது?

இந்தத் துறையின் நடுமுடிச்சு இதுதான். அமெரிக்கா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 2003இல் சுமார் 5 லட்சம் மருத்துவப் பணியாளர்களுக்கு முன்னேற்பாடாகப் பழைய ஊசியைப் போட முயன்றார்கள். முன்வந்தவர்கள் 40,000 பேருக்கும் குறைவு. சிலருக்கு இதயத்தசை அழற்சி வந்தது தெரிந்ததும் திட்டம் படுத்துவிட்டது. மறுத்த செவிலியர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வராத நோய்க்காக இதயத்தைப் பணயம் வை என்று ஒருவரிடம் கேட்பதற்குப் பலமான காரணம் வேண்டும். அரசிடம் அது இல்லை.

2007இல் உரிமம் பெற்ற புதிய ஊசி, அதே வைரஸைக் கன்றின் தோலுக்குப் பதிலாக ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் வளர்த்தது. சுத்தம் கூடியது, ஆபத்து குறையவில்லை. முதல்முறை போடுபவர்களில் ஏறக்குறைய 175 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இதய அழற்சி வந்தது. வேறு வழி தேட வேண்டியிருந்தது. அந்த வழி ஜெர்மனியில் அலமாரியில் கிடந்தது.

மியூனிக்கில் ஆன்டன் மயர் என்ற கால்நடை வைரஸ் ஆய்வாளர், துருக்கியின் அங்காராவிலிருந்து வந்த ஒரு வாக்சினியா வகையைக் கோழிக்கரு உயிரணுக்களில் வளர்த்து, அதை எடுத்து மறுபடியும் கோழிக்கருவில் வளர்த்து, இப்படி 570 தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்தார். ஆண்டுகள் ஓடின. கோழிக்கருவுக்கே பழகிப்போன அந்த வைரஸ், தன் மரபணுத்தொகுதியில் ஏறக்குறைய 15 சதவீதத்தை இழந்துவிட்டது. மனித உயிரணுவுக்குள் நுழையும்; நம் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பும்; ஆனால் பெருகத் தெரியாது. 1970களில் ஜெர்மனியில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் போட்டார்கள். பெரிய தொல்லை ஒன்றும் வரவில்லை. அதற்குள் பெரியம்மையே போய்விட்டதால், ஊசியும் மறந்துபோனது. 2001க்குப் பிறகு, பவேரியன் நார்டிக் என்ற டென்மார்க் கம்பெனி அதன் ஒரு வகையை எடுத்து வளர்த்தது. 2019இல் உரிமம் பெற்றது அதுதான். நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். நோயே இல்லாதபோது இது வேலை செய்யும் என்று எப்படிச் சொன்னார்கள்? ஆட்களுக்கு ஊசி போட்டுவிட்டு வேண்டுமென்றே நோயைக் கொடுத்துப் பார்க்க முடியாது, நினைக்கவே கூடாது. அதனால் அமெரிக்காவில் 2002இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். மனிதர்மேல் சோதிக்க முடியாத இத்தகைய நோய்களுக்கு, விலங்குகளில் பலன் தருவதை உறுதியாகக் காட்டினால், மனிதருக்குப் பாதுகாப்பானது என்றும் தனியே நிறுவினால், அனுமதி கொடுக்கலாம். பெரியம்மை ஊசிக்குக் குரங்கம்மையை வைத்துக் குரங்குகளில் பார்த்தார்கள். சுமார் 400 பேருக்குப் போட்டு, பழைய ஊசி எழுப்பும் எதிர்ப்பாற்றலுக்குப் புதியது குறையவில்லை என்று ஒப்பிட்டுக் காட்டினார்கள். இது கணிப்புதான், ஆனால் நல்ல ஆதாரமுள்ள கணிப்பு. நேர்ச்சான்று வேண்டுமென்றால் நோய் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எபோலா இருக்கிறது. கனடாவின் வின்னிபெக் நகரத்து அரசு ஆய்வகத்தில் எபோலாவுக்கு ஒரு தடுப்பூசி செய்தார்கள். கிருமி ஆயுதப் பயத்தால் கிடைத்த ஆராய்ச்சிப் பணமும் அதற்கு உதவியது. அது குரங்குகளைக் காப்பாற்றியது என்று 2005இலேயே கட்டுரை வந்துவிட்டது. மனிதர்களிடம் சோதிக்கப் பணம் போட யாரும் முன்வரவில்லை. எபோலா வருவது ஆப்பிரிக்கக் கிராமங்களில், அங்கே ஊசி வாங்க யாரிடம் காசு இருக்கிறது? 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பற்றி எரிந்த பிறகுதான் அதை எடுத்தார்கள். அந்தத் தொற்று அடங்குவதற்குள் 11,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 2015இல் கினியாவில் போட்டுப் பார்த்தபோது, ஊசி போட்டு பத்து நாள் கடந்தவர்களில் ஒருவருக்குக்கூட எபோலா வரவில்லை. இந்த ஊசி பத்தாண்டு ஃப்ரீசரில் கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

பணத்துக்கு வருவோம். சாதாரணத் தடுப்பூசியை வாங்கக் கோடிக்கணக்கான குழந்தைகள் இருக்கிறார்கள். ஆயுதத்துக்கு எதிரான ஊசியை வாங்க அரசாங்கம் ஒன்றுதான் உண்டு. 2004இல் அமெரிக்கா இதற்கென்று பத்தாண்டுக்கு 560 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் போட்டது. முதல் பெரிய ஒப்பந்தமே தோற்றது: ஆந்த்ராக்ஸுக்குப் புது ஊசி செய்து தருவதாக 87 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் பெற்ற ஒரு சிறு கம்பெனியால் முடியாமல், 2006இல் ரத்தானது. பவேரியன் நார்டிக்கோடு 2007இல் போட்டது பலித்தது. 2 கோடி டோஸ் கேட்டார்கள், கம்பெனி செய்து கொடுத்தது, உறையவைத்து அடுக்கினார்கள். ஆனால் ஊசிக்கு ஆயுள் உண்டு. கிடங்கிலேயே அதில் பெரும்பகுதி காலாவதியாகிப் போனது. காலாவதியாகும் முன் ஏழை நாட்டுக்குக் கொடுத்திருக்கலாம்.

எதிர்பார்த்த எதிரி வரவில்லை. 2022இல் வந்தது குரங்கம்மை, இப்போது எம்பாக்ஸ் என்கிறார்கள். பெரியம்மையின் நெருங்கிய உறவு. 1970இல் காங்கோவில் ஒரு ஒன்பது மாதக் குழந்தையிடம்தான் மனித நோயாக முதலில் அடையாளம் கண்டார்கள். பெரியம்மைக்குக் குத்திய பழைய மருந்து இதையும் பெருமளவு தடுத்துவந்தது. குத்துவதை நிறுத்திய பின், ஆண்டுக்காண்டு காங்கோவில் அது கூடிக்கொண்டே வந்தது. ஐம்பதாண்டு அங்கேயே இருந்த நோய், 2022இல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியபோதுதான் உலக அவசரநிலை ஆனது. பெரும்பாலும் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே பரவியது. அவர்களே விழிப்போடு வரிசையில் நின்று ஊசி கேட்டார்கள், கையிருப்பு போதவில்லை. ஒரு டோஸை ஐந்தாகப் பிரித்துத் தோலுக்குள் போடும் ஏற்பாடு செய்தார்கள். ஆயுதத்துக்கு எதிராகச் செய்த ஊசி முதன்முதலாகப் பெரிய அளவில் நிஜ நோயைச் சந்தித்தது அப்போதுதான். இரண்டு தவணையும் போட்டவர்களுக்கு, ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டாலும், ஏறக்குறைய 66 முதல் 89 சதவீதம்வரை பாதுகாப்பு கிடைத்தது. விலங்குகளை வைத்துச் செய்த கணிப்பு பொய்க்கவில்லை.

பணக்கார நாடுகளில் நோய் அடங்கியது. காங்கோவில் அடங்கவில்லை. 2024 ஆகஸ்டில் இன்னொரு வகை வைரஸோடு மறுபடியும் உலக அவசரநிலை அறிவித்தார்கள். காங்கோவுக்கு முதல் விமானம் ஊசியோடு போய்ச் சேர்ந்தது அந்தச் செப்டம்பரில். நோயைக் கண்டுபிடித்து 54 ஆண்டுகள் ஆகியிருந்தன. யுனிசெஃப் பேரம் பேசிக் குறைத்த விலையே அப்போது ஒரு டோஸ் 65 டாலர் வரை இருந்தது. இரண்டு தவணைக்கு நம் பணத்தில் பத்தாயிரத்துக்கும் மேல். காங்கோவில் நோயுற்றவர்களிலும் இறந்தவர்களிலும் பெரும்பகுதி குழந்தைகள். அந்த ஊசியோ அப்போது பெரியவர்களுக்குத்தான் அனுமதி பெற்றிருந்தது. குழந்தைகளுக்குப் போடக்கூடிய ஊசி ஜப்பானில் 1970களிலிருந்தே இருந்தது. உலக சுகாதார நிறுவனம் அதை அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது 2024 நவம்பரில். கிருமி ஆயுதத்துக்குப் பயந்து செய்த ஊசி, அந்த நோயால் உண்மையிலேயே செத்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு எட்டவில்லை. இதற்கு விஞ்ஞானத்தைக் குறைசொல்ல முடியாது.

அப்படியானால் உயிரி ஆபத்துக்கு எதிராக எப்படித் தயாராவது? ஒவ்வொரு கிருமிக்கும் ஊசி செய்து அடுக்கி வைக்க முடியாது. இப்போது வேறு மாதிரி யோசிக்கிறார்கள்: வைரஸ்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்றுக்காவது ஊசி எப்படிச் செய்வது என்பதை முன்கூட்டியே பழகி வைப்பது. மெர்ஸ் என்ற கொரோனா வகையில் முன்பே செய்த ஆராய்ச்சி இருந்ததால்தான், 2020 ஜனவரியில் கோவிட் வைரஸின் மரபணு வரிசை வெளியானதும், மார்ச் 16 அன்று சோதனை ஊசியின் முதல் டோஸ் ஒருவர் கையில் ஏறியது. இந்த வழியில் பணம் போடுவதற்காக 2017இல் சி.இ.பி.ஐ. என்ற அமைப்பு தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் இந்தியாவும் உண்டு.

ஊசி செய்வது பாதி வேலை. மீதிப் பாதி எப்படி இருக்கும் என்பதை 1974இன் இந்தியாவில் பார்க்கலாம். அந்த ஆண்டு இந்தியாவில் சுமார் 1,88,000 பேருக்குப் பெரியம்மை, பீகார் தவித்தது. எல்லோருக்கும் அம்மை குத்தி முடிப்பது நடக்காது என்று தெரிந்தபின், நோயாளியைத் தேடிப் பிடித்து, அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு மட்டும் குத்தினார்கள். வைக்கோல் போரில் தீப்பிடித்தால் ஊர் முழுக்கத் தண்ணீர் ஊற்ற மாட்டோம், பக்கத்துப் போர்களை நனைப்போம், அந்த வேலைதான். பெரியம்மைக்கு இது பலித்ததற்கு உடலுக்குள்ளும் ஒரு காரணம் உண்டு. நோய் வெளிப்பட ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கிருமி பட்டு மூன்று நான்கு நாளுக்குள் குத்திவிட்டால், ஊசி நோயை முந்திக்கொள்ளும். ஆனால் அந்த மூன்று நான்கு நாளுக்குள் நோயாளியின் வீட்டைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். லட்சத்துக்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் கையில் அம்மைப் படத்தோடு வீடு வீடாக நடந்தார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. நாளைக்கு ஒருவன் பெரியம்மையை ஆயுதமாக வீசினாலும், நம்மைக் காப்பாற்றப் போவது இதே முறைதான். வீட்டுக்கு வரும் செவிலியரை மக்கள் நம்பிக் கதவு திறந்தால்தான் அது நடக்கும்.

இன்னொன்று, செய்யும் இடம். கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட், இமாசலத்தின் கசௌலி என்று மூன்று பொதுத்துறைத் தடுப்பூசிக் கூடங்களின் உரிமத்தை 2008 ஜனவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்தது. உற்பத்தித் தரத்தில் குறை என்றார்கள். குறையைச் சரிசெய்திருக்கலாம், கூடத்தையே நிறுத்தினார்கள். 2010இல்தான் அந்த ஆணையை விலக்கிக்கொண்டார்கள். பிறகு செங்கல்பட்டில் 100 ஏக்கரில், 594 கோடி ரூபாய்த் திட்டமாக ஒரு பெரிய தடுப்பூசி வளாகத்துக்கு 2012இல் ஒப்புதல் கொடுத்துக் கட்டினார்கள். 2021இல் கோவிட் ஊசிக்கு நாடே வரிசையில் நின்றபோது, அந்த வளாகம் ஒரு டோஸ்கூடச் செய்யாமல் நின்றது.

லாபம் பார்க்கும் கம்பெனி வராத நோய்க்குத் தானாக ஊசி செய்யாது. அப்படி எதிர்பார்ப்பதும் சரியல்ல. அந்த வேலைக்கு அரசுக் கூடங்கள்தான் வேண்டும். அமைதிக் காலத்தில் குழந்தைகளின் ஊசியைச் செய்துகொண்டு, ஆபத்துக் காலத்தில் வேறொன்றுக்கு உடனே திரும்பக்கூடிய கூடங்கள். அடுத்த முறை உங்கள் தொகுதி எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, சாலையையும் தண்ணீரையும் கேட்பதோடு, கிண்டியிலும் குன்னூரிலும் செங்கல்பட்டிலும் இந்த ஆண்டு எத்தனை டோஸ் தயாரானது என்று ஒரு கேள்வி கேளுங்கள்.